காலியாகத் திரும்பும் வண்டி

பாரம் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த வண்டி கொதிக்காது. காலியாகத் திரும்பும்போதுதான் கொதிக்கும்.

அவளுக்குப் பிடிபடாதது இதுதான். காலையில் பதினொரு மணிக்கு முப்பது பேருக்கான சோறு, பருப்பு, அவித்த முட்டை, எட்டு டிரம் தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, இருபத்தாறு கிலோமீட்டர் மணலிலும் சரளையிலும் வண்டி முனகிக்கொண்டே போகும். டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கும், அசையாது. சாப்பாட்டை இறக்கி, பாத்திரத்தைக் கழுவி, காலி டிரம்களைக் கட்டிக்கொண்டு அதே தடத்தில் திரும்பினால், வறண்ட ஓடையைத் தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிடும். எந்த எஞ்சினும் பாரம் கூடினால்தான் அதிகம் உழைக்கும். அதிகம் உழைத்தால்தான் அதிகம் சூடாகும். இந்த வண்டி மட்டும் தலைகீழாக நடந்துகொண்டது.

மூன்று வாரமாக இப்படி. கொதித்தால் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். மூன்று மணிக்கு வீடு வர வேண்டியவள் ஐந்துக்கு வருவாள். ஐந்துக்குக் கிளம்ப வேண்டிய மாலைச் சாப்பாடு ஆறரைக்குக் கிளம்பும். குழாய் பதிக்கிற ஆட்கள் நாள் முழுக்க வெயிலில் தோண்டிவிட்டு வெறும் வயிற்றோடு தடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேஸ்திரி இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார். மூன்றாம் தடவை, "வேற ஆள வெச்சு ஓட்டுங்க, இல்லன்னா வேற கடையப் பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தச் சொல்லை அவளுடைய மைத்துனர், புருஷனின் அண்ணன், இறுகப் பிடித்துக்கொண்டார்.

அது ஒரு சாப்பாட்டுக் கடை. முன்னால் சமையல்கூடம், நடுவில் வீடு, பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். புருஷன் சமைப்பான், அவனுக்குக் கைமணம் உண்டு. அவள் வண்டி ஓட்டுவாள். அவளுக்குக் கை நிதானம் உண்டு. புருஷனின் அண்ணன் ஷெட்டில் வண்டிகளைப் பழுது பார்ப்பார். பேசும்போதெல்லாம் கையிலிருக்கும் ஸ்பேனரை ஆட்டி ஆட்டிப் பேசுவதால் ஊரில் அவருக்கு ஸ்பேனர் என்றே பெயர். சாப்பிடும்போது ஸ்பேனர் இல்லாவிட்டால் கரண்டியை ஆட்டுவார்.

அன்று காலையும் கரண்டிதான்.

"தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு. பெல்ட் மாத்தியாச்சு. ரேடியேட்டரக் கழட்டி, பின்பக்கத்துலேந்து தண்ணி அடிச்சு, இண்டு இடுக்குல இருந்த புல்லு விதை வரைக்கும் எடுத்தாச்சு. வாட்டர் பம்ப்பு புதுசு. மூடி புதுசு. ஷெட்டுல ரெண்டு மணி நேரம் ஓடவிட்டேன், கொதிச்சுதா? மேட்டுத் தடத்துல நானே ஓட்டிப் பாத்தேன், கொதிச்சுதா? அப்ப மாத்தாத சாமான் இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"என்னது?" என்று தம்பி தெரியாமல் கேட்டுவிட்டான்.

"ஸ்டீரிங்குக்குப் பின்னாடி உக்காந்திருக்கே, அது."

அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த முட்டையைப் பாத்திரத்தில் போட்ட வேகத்தில் அது பிளந்தது.

"நேராவே சொல்லுங்க மாமா. இத்தன பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"நேராத்தான் சொல்றேன். போறப்ப சாப்பாடு இருக்கு, கொட்டிடுமேன்னு பதவிசா போற. வர்றப்ப காலி. காலின்னதும் காலு தூக்குது. பறக்கற. எஞ்சின் என்ன பண்ணும்?"

"பறக்கறனா? வர்றப்ப இருபதத் தாண்ட மாட்டேன். மெதுவா வான்னு நீங்க சொன்ன நாள்லேந்து பதினஞ்சுதான். மெதுவா வந்தா இன்னும் சீக்கிரம் கொதிக்குது."

"மெதுவா ஓட்டினா சீக்கிரம் கொதிக்குதாம். கேட்டுக்கடா. நாளைக்கு நிறுத்தி வெச்சாலே கொதிக்குதும்பா."

புருஷன் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் சண்டை வந்தால் அவனுக்கு உடனே வெங்காயம் நறுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு நறுக்கிய வெங்காயம் இரண்டு நாளைக்குக் காணும்.

அவள் சும்மா இருந்தவளில்லை. மூன்று வாரமும் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்துக்கொண்டே வந்தாள். வெயில்தான் காரணமோ என்று, ஒருநாள் வேண்டுமென்றே தாமதமாக, உச்சி வெயிலில் பாரத்தோடு போனாள், கொதிக்கவில்லை. காற்று முதுகுப்பக்கமிருந்து அடித்தால் வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் போகும், ரேடியேட்டருக்குள் புதுக்காற்று நுழையாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் காற்றின் திசையைக் கவனித்தாள். எதிர்க்காற்று அடித்த நாளிலும் திரும்பும்போது கொதித்தது. கியரைக் கவனித்தாள். மணலில் பெரிய கியர் போட்டு எஞ்சினைத் திணறவிட்டால், எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ஃபேனும் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். சூடு கூடும், குளிர்ச்சி குறையும். அதனால் இரண்டாவது கியரிலேயே, எஞ்சின் தாராளமாகச் சுற்றும்படி வந்தாள். அப்போதும் கொதித்தது. மாலை நடையில் மட்டும் போகும்போதும் கொதிக்காது, வரும்போதும் கொதிக்காது. வெயில் இறங்கியிருக்கும், அதனால்தான் என்று நினைத்து அதை யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை, அவளும்தான்.

கடைசியில் ஒருநாள், பாரம் இருந்தால்தானே கொதிப்பதில்லை, இருக்கட்டும் என்று பத்து சாக்கில் மணலை அள்ளிப் போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். மணலோடும் கொதித்தது. ஓடைக்கரையில் நின்று பத்து சாக்கையும் ஒற்றை ஆளாகக் கொட்டிவிட்டு வந்தாள். ஷெட்டில் நிறுத்தியபோது பின்தளத்தில் ஒட்டியிருந்த மணலை ஸ்பேனர் பார்த்துவிட்டார்.

"காலி வண்டிய கொதிக்க வெச்சது போதாதுன்னு, பாரத்த வேற ஏத்தி கொதிக்க வெச்சிருக்கா! கேட்டா சோதனையாம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பக்கத்துத் தையல்காரர், எதிர்வீட்டு வாத்தியார் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அது அவளுக்கு ஆறவில்லை. எஞ்சின் சூடு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், இது இறங்கவில்லை.

"திங்கக்கிழமைலேந்து நான் ஒரு டிரைவர வரச் சொல்லியிருக்கேன்" என்றார் ஸ்பேனர் கரண்டியைக் கீழே வைத்து. "நீ கடையப் பாத்துக்க. பரிமாறு. இது ஒண்ணும் தண்டனை இல்ல."

"எங்கிட்ட கேட்டீங்களா?"

"தம்பிகிட்ட சொன்னேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வெங்காயத்தைப் பார்த்தான்.

"சரி" என்றாள். "திங்கக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. இன்னிக்கு நீங்களும் வண்டியில ஏறுங்க. நான் எப்படி ஓட்டறேன்னு கண்ணால பாருங்க. ஷெட்டுல உக்காந்துகிட்டு தீர்ப்பு சொல்லாதீங்க."

"வர்றேன். போறப்ப நீ ஓட்டு. வர்றப்ப நான் ஓட்டறேன். பாத்துடுவோம்."

*

போகும்போது அவள் ஓட்டினாள். சரளைப் பாதை நாலு கிலோமீட்டரில் முடிந்ததும் அவள் இறங்கி, டயர்களில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாள். காற்று குறைந்த டயர் மணலில் அகலமாகப் படியும், புதையாது, எஞ்சினுக்கும் இழுவை குறையும். வேலையில் குறை கண்டுபிடிக்க வந்தவருக்கு அதில் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கே அவர் முகம் கடுகடுத்தது.

தரை அனல் மூச்சு விட்டது. தூரத்தில் மண்ணுக்கும் வானத்துக்கும் நடுவே காற்று தண்ணீர் மாதிரி நெளிந்தது. முள்செடிகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. அவள் பழைய சக்கரத்தடத்தை விட்டு இறங்காமல், இரண்டாவது கியரில், சீராகப் போனாள். முள் நடுவிலேயே இருந்தது. ஸ்பேனர் அதை அடிக்கொரு தடவை குனிந்து பார்த்தார். கொதிக்கவில்லையே என்று அவருக்கு ஏமாற்றமாக இருந்தது போல அவளுக்குத் தோன்றியது.

வேலை நடக்கும் இடத்தில் தார்ப்பாய்ப் பந்தல் ஒன்றுதான் நிழல். வண்டி நின்றதும் ஆட்கள் சாப்பாட்டுக்கு வரவில்லை. வண்டியின் முகத்துக்குத்தான் வந்தார்கள். அங்கே பம்பருக்கு மேலே, இரண்டு கொக்கியில், தலையணையைப் போல இரண்டு பங்கு அகலமான ஒரு கித்தான் பை தொங்கியது. அதில் இருபது லிட்டர் குடிதண்ணீர். டிரம் தண்ணீர் வெயிலில் சுடுதண்ணீராகிவிடும். பைத் தண்ணீர் மட்டும் சில்லென்று இருக்கும். கித்தான் நூல் ஈரத்தில் ஊறி உப்பிக்கொள்ளும். தண்ணீர் ஒழுகாது, வெறுமனே வியர்க்கும். அந்த வியர்வை காற்றில் உலரும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

மேஸ்திரி ஒரு குவளை குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"அண்ணே, இந்தப் பைய தெச்சவன் கைக்கு முத்தம் குடுக்கணும்."

"குடு" என்று ஸ்பேனர் கையை நீட்டினார். "நான்தான் தெச்சேன். முன்ன இருந்தது சின்னது, அஞ்சு லிட்டர். கோடைக்குப் பத்தாதேன்னு லாரி கித்தான வாங்கி நானே தெச்சேன்."

ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் சாப்பாடு நேரத்துக்கு வருமா, ஓடக்கரையிலயே சூடா இருக்குமா?"

"வரும்" என்றாள்.

"வண்டி மேல தப்பு இல்ல" என்றார் ஸ்பேனர், எல்லாருக்கும் கேட்கும்படி. "திங்கக்கிழமைலேந்து டிரைவர் மாறுது. அப்புறம் பாருங்க."

சோறு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த தட்டில் விழுந்தது. முப்பது பேர் முன்னால்.

சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கழுவி ஏற்றும்போது கித்தான் பையில் ஒரு சொட்டு மிச்சமில்லை. கடைசி ஆள் அதைப் பிழிந்தே குடித்துவிட்டான்.

*

திரும்பும்போது ஸ்பேனர் ஓட்டினார். அவளுக்குக் காட்டுவதற்காகவே அளவாக ஓட்டினார். இரண்டாவது கியர். இருபது. ஒரு குலுக்கல் இல்லை.

"பாத்தியா? இப்படித்தான் ஓட்டணும்."

"பாத்துகிட்டேதான் வர்றேன்" என்றாள் அவள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது முள்ளை. ஏழாவது கிலோமீட்டரில் அது நடுவிலிருந்து நகர்ந்தது. எட்டாவதில் முக்கால். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓடையின் மணலில் இறங்கியபோது சிவப்புக்கு ஒரு விரற்கடைதான் பாக்கி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை அது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. ஸ்டீரிங்குக்குப் பின்னாடி இருக்கற சாமான மாத்தியாச்சே, அப்புறமும் கொதிக்குதேன்னு பாக்கறேன்."

ஸ்பேனர் அக்கரை ஏறிச் சட்டென்று நிறுத்தினார்.

"கொதிக்காம என்ன செய்யும்? மூணு வாரமா நீ வெந்நீர் போட்ட எஞ்சின். உள்ள எதெல்லாம் வளைஞ்சு கெடக்கோ! நீ கெடுத்து வெச்சத நான் ஒரு நாள் ஓட்டினா சரியாயிடுமா?"

"அப்ப போறப்ப ஏன் கொதிக்கல? வளைஞ்சது போறப்ப நிமிந்துக்கிச்சா?"

"எதுத்துப் பேசாத!"

"பேசுவேன்! முப்பது பேரு முன்னாடி சொன்னீங்க இல்ல? தெருவுல கத்தினீங்க இல்ல? எங்கிட்ட கேக்காம ஒருத்தன வரச் சொன்னீங்க இல்ல? நான் பேசக்கூடாதா?"

கொதித்தால் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது ஸ்பேனரின் கட்டளை. மூன்று வாரமாக அவள் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை: முள் சிவப்புக்குப் போகும், அவள் சாவியைத் திருப்புவாள், பிறகுதான் இறங்குவாள். இன்று கட்டளையிட்டவர் திட்டுவதில் மும்முரமாக இருந்தார், சாவியை மறந்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

நின்றவள் அப்படியே நின்றாள்.

கித்தான் பை தொங்கவில்லை. ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள கம்பி கிரில்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் ஃபேன் முன்பக்கத்துக் காற்றை உறிஞ்சித்தான் உள்ளே இழுக்கும். அந்த உறிஞ்சலில் பையும் சேர்ந்து இழுபட்டு, கிரில் முழுவதையும் அப்பிக்கொண்டிருந்தது. கம்பிகளின் வரிவரியான அச்சு கித்தானில் விலா எலும்பு மாதிரி தெரிந்தது. அவள் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். வர மறுத்தது. விட்டதும் 'டப்' என்று மறுபடி ஒட்டிக்கொண்டது.

பை நிறைந்திருக்கும்போது இருபது லிட்டர் கனம் அதைப் பம்பருக்குக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும்; கிரில்லின் முக்கால் பாகம் திறந்திருக்கும். காலியானால் கனம் கிடையாது, மேலெழும்பிக் கிரில்லில் படிந்துவிடும். ஈரத்தில் நூல் உப்பி, காற்றுகூட நுழையாத வெறும் மூடி அது. ஷெட்டில் சோதிக்கும்போது பையைக் கழற்றிவிட்டுத்தான் பானட்டைத் திறப்பார்கள்; மேட்டுத் தடத்தில் ஓட்டிப் பார்த்ததும் பை இல்லாமல்தான். மாலை நடைக்குப் பையே கிடையாது. வழியில் நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவாள். ஃபேன் நின்றதும் பை விலகி, ஒன்றும் தெரியாதது மாதிரி தொங்கும்.

பழைய சின்னப் பையை மாற்றி இந்தப் பெரிய பையை மாட்டியதும் சரியாக மூன்று வாரத்துக்கு முன்புதான். ஒரே நொடியில் எல்லாம் கோத்துக்கொண்டு வந்தது. அவள் கொக்கியிலிருந்து பையைப் பிடுங்கி எடுத்தாள்.

"மாமா! எஞ்சின அணைக்காதீங்க! கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்துப் பிடிங்க!"

"ஏய், எரிஞ்சிடும்—"

"முள்ளப் பாருங்க! வாய மூடிட்டு முள்ளப் பாருங்க!"

மைத்துனரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. அவர் வாயை மூடினார். அரை நிமிஷம். ஒரு நிமிஷம்.

"எறங்குது" என்றார் மெதுவாக.

"எவ்வளவு?"

"முக்கால்... முக்காலுக்குக் கீழ."

அவள் பையை மறுபடி மாட்டினாள். கித்தான் ஒரு தடவை படபடத்து, கிரில்லில் போய் அப்பிக்கொண்டது.

"இப்ப?"

ஸ்பேனர் உள்ளே முள்ளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இப்ப என்ன ஆகுதுன்னு கேட்டேன்!"

"...ஏறுது."

"எறங்கி வாங்க. அணைக்காம எறங்கி வாங்க."

ஸ்பேனர் இறங்கி வந்து பார்த்தார். பையைத் தொட்டார். இழுத்தார். விட்டார். டப். அவருடைய சொந்தத் தையல், இரட்டை நூல் போட்டது, கிரில்லின் நாலு மூலைக்கும் அளவெடுத்தது மாதிரி பொருந்தியிருந்தது. அவள் அவர் முகத்துக்கு நேராகப் பையைக் கழற்றித் தரையில் எறிந்தாள். ஸ்பேனர் குனிந்து அதை எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"தையல்ல ஒண்ணும் தப்பு இல்ல" என்றார் கடைசியில்.

அவளுக்கு அதைக் கேட்டு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "தையல்ல தப்பு இல்ல. பம்ப்புல தப்பு இல்ல. பெல்ட்டுல தப்பு இல்ல. ஓட்டினவ மேல மட்டும் தப்பு இருந்துச்சு. மூணு வாரமா."

"யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு?"

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே! ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'எனக்கும் பிடிபடலம்மா'ன்னு சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேருமா தேடியிருப்போம். உங்களுக்குத் தெரியாததெல்லாம் என் தப்பா?"

அவர் ஸ்பேனரைத் தேடுவது மாதிரி சட்டைப் பையைத் தடவினார். அது வண்டிக்குள் இருந்தது. கை சும்மா தொங்கியது.

"சரி விடு. வீட்டுல நான் தம்பிகிட்ட சொல்லிக்கறேன்."

"வீட்டுல வேண்டாம். அவரு வெங்காயம் நறுக்கப் போயிடுவாரு. எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. சாயங்காலம் நீங்களும் வர்றீங்க. அந்த முப்பது பேரு முன்னாடி சொல்றீங்க. அப்புறம் அந்த டிரைவருக்கு வர வேண்டாம்னு சொல்லி அனுப்பறீங்க."

"அதிகாரமா?"

"ஆமா."

அவள் ஏறி ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மீதிப் பதினாறு கிலோமீட்டரும் அவள்தான் ஓட்டினாள். முள் சரளைப் பாதை வருவதற்குள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. அவளுடைய கோபம் மட்டும் நிற்கவில்லை. காரணம் தெரிந்த பிறகு அது இன்னும் கூடியிருந்தது.

*

மாலைச் சாப்பாடு ஐந்துக்கே கிளம்பியது. போய்ச் சேர்ந்து, ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்றபோது, அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்பேனரைப் பார்த்தாள். அவர் பந்தல் கம்பத்தைப் பார்த்தார். அவள் பரிமாறவில்லை. வரிசை நெளிந்தது.

"என்னம்மா, பசிக்குது" என்றார் மேஸ்திரி.

"மாமா ஒண்ணு சொல்லணுமாம். சொன்னதும் போடறேன்."

ஸ்பேனர் தொண்டையைச் செருமினார். "அது... வண்டி கொதிச்சது இவ ஓட்டினதால இல்ல. அந்தத் தண்ணிப் பை. காலியானதும் ரேடியேட்டர அடைச்சிடுச்சு."

"எந்தப் பை? நீ தெச்சதா?"

"ஆமா."

"முத்தம் குடுக்கணும்னு சொன்னேனே, அந்தக் கையா?"

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்பேனர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை?" என்றாள்.

"டிரைவர் வரல" என்றார் ஸ்பேனர். "இவதான் ஓட்டுவா."

அவள் முதல் தட்டில் சோறு போட்டாள்.

மறுநாள் முதல் பை இடதுபக்கக் கதவின் வெளிக்கம்பியில் தொங்குகிறது. அங்கேயும் காற்று படுகிறது. தண்ணீர் முன்னைப் போலவே குளிர்கிறது. கிரில்லுக்கு முன்னால் எதுவும் கட்டுவதில்லை, கயிறுகூட. மணலில் இரண்டாவது கியர். எப்போதாவது முள் ஏறினால், உடனே அணைப்பதில்லை. நியூட்ரலில் போட்டு, வண்டியின் முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பி, எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, இறங்கி முன்னால் போய்ப் பார்ப்பாள். தண்ணீர் குறைந்து ஆவி வந்தால் மட்டும்தான் அணைப்பாள். அணைத்தால், ஆறும்வரை மூடியைத் தொடமாட்டாள். மற்றபடி பாரத்தோடு போனாலும் காலியாக வந்தாலும் முள் நடுவில்தான் நிற்கிறது.